மாலைக்குப் போட்ட சோறா, மனுஷனுக்குப் போட்ட சோறா?



பழனிக்கு நடந்து போனவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்பீங்க. நான் 2025 தைப்பூசத்துக்கு சேலத்துல இருந்து சைக்கிள்ல போனேன். பயணக் கதை சொல்ல இதை எழுதல. வழியில ஒரு வீட்டுல சாப்பிட்ட சோறு இன்னும் ஜீரணமாகல. அதைப் பத்தித்தான் எழுதறேன்.

பிப்ரவரி 11 பூசம். நாலு நாள் முன்னாடி கிளம்பினேன். பச்சை வேட்டி, கழுத்துல மாலை, ஹேண்டில்பார்ல ஒரு சின்ன வேல். சேலம் தாண்டி ஆட்டையாம்பட்டி, அங்க கை முறுக்கு ஒரு பாக்கெட். அப்புறம் காளிப்பட்டி கந்தசாமி கோயில். தரிசனம் முடிச்சு மல்லசமுத்திரம் பக்கம் போகும்போது செயின் அறுந்து போச்சு. பொழுது சாயற நேரம். தள்ளிக்கிட்டே போனேன்.

ரோட்டோரமா ஒரு ஓட்டு வீடு. பக்கத்து ஷெட்டுல தறி ஓடற சத்தம். வாசல்ல உட்கார்ந்திருந்த ஆத்தா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாங்க.

“வாங்க சாமி. வண்டி என்னாச்சுங்க? மொதல்ல தண்ணி குடிங்க.”

அவ்வளவுதான். அந்த நிமிஷத்துல இருந்து நான் அந்த வீட்டு ஆள். அவங்க மகன், ஒரு நாற்பத்தஞ்சு வயசு இருக்கும், தறியை நிறுத்திட்டு வந்து சைக்கிளைப் பார்த்தார். அவர் வீட்டு அக்கா, “வெங்காயம் சேர்த்துக்குவீங்களா சாமி?” என்று கேட்டுவிட்டு, எனக்காகத் தனியா அரிசிம்பருப்பு சோறு ஆக்கினாங்க. மேல நெய். கூட கொள்ளு ரசம். திண்ணையில கயித்துக் கட்டில் போட்டு, கொசுவுக்கு ஃபேனையும் கொண்டு வந்து வெச்சாங்க. என் பேரை ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் கேட்டாங்க.

காலையில அந்த அண்ணன் பைக்கில போய் செயின் வாங்கிட்டு வந்து மாட்டியே கொடுத்துட்டார். நான் ஐந்நூறு ரூபாயை டம்ளருக்கு அடியில வெச்சேன். ஆத்தா பார்த்துட்டாங்க. “செயின் காசு மட்டும் குடுங்க. சோத்துக்குக் காசு குடுத்தா கடை ஆயிரும் கண்ணு” என்று மிச்சத்தை என் பையிலேயே திணிச்சுட்டாங்க.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். நடுவுல ஒண்ணு நடந்தது. அதை யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தேன்.

ராத்திரி நான் இலை முன்னாடி உட்கார்ந்திருந்தப்போ, வாசல்ல ஒரு பையன் சைக்கிளை நிறுத்தினான். இருபது வயசு இருக்கலாம். பக்கத்து நூல்மில்லுல வேலை செய்யற வடக்கத்திப் பையன். கையில காலி பாட்டில். “அண்ணா, பானி” என்றான். அந்த அண்ணன் கோபப்படல, திட்டல. கையை மட்டும் நீட்டி, “அங்க ரோட்டு பைப்புல புடிச்சுக்கப்பா” என்றார். பையன் தலையாட்டிட்டுப் போயிட்டான். அக்கா எனக்கு ரெண்டாவது கரண்டி ரசம் ஊத்தினாங்க. நான் குடிச்சேன்.

ரெண்டு பேரும் சைக்கிள்ல வந்தோம். ரெண்டு பேரும் வெளியூர். எனக்கு நெய் சோறு, அவனுக்கு ரோட்டு பைப். நடுவுல இருந்த வித்தியாசம் என் கழுத்து மாலை.

அப்போ அந்தச் சோறு எனக்குப் போட்டதா, மாலைக்குப் போட்டதா?

“மாலைக்குத்தான். உனக்குள்ள இருக்கற முருகனுக்குப் போட்டாங்க” என்று பதில் சொல்லலாம். எனக்கும் முதல்ல அதுதான் தோணுச்சு. அழகான பதில்தான். ஆனா கொஞ்சம் தட்டிப் பார்த்தா உள்ள ஒரு ஓட்டை இருக்கு. முருகன் மாலை போட்டவனுக்குள்ள மட்டும்தான் இருக்காரா?

வள்ளி கதையை நினைச்சுப் பாருங்க. தினைப்புனத்துக்கு முருகன் எப்படி வந்தார்? மயில் இல்ல, வேல் இல்ல. வேடனா வந்தார், வேங்கை மரமா நின்னார், கடைசியில பசிக்குதுன்னு ஒரு கிழவரா வந்தார். வள்ளி தேனும் தினைமாவும் கொடுத்தா. தாகம் என்றதும் சுனையைக் காட்டினா. வந்தவர் யாருன்னு தெரிஞ்சு கொடுக்கல. அடையாளம் எதுவும் இல்லாத ஒரு கிழவருக்குக் கொடுத்தா. முருகன் கோயில்ல தேனும் தினைமாவும் பிரசாதமா வாங்கும்போது நாம நினைச்சுக்க வேண்டியது இதைத்தான்.

இந்தப் பக்கத்துலயே இன்னொரு பழைய சாட்சி உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். வருஷா வருஷம் ஆடியில மலையில அவருக்கு அரசு விழாவே நடக்குது. அவரைப் பாடின புலவர் வன்பரணர், நள்ளி என்ற இன்னொரு வள்ளலையும் பாடியிருக்கார். புறநானூற்றுல 150ஆவது பாட்டு. காட்டுல களைச்சுக் கிடந்த புலவர் கூட்டத்துக்கு ஒரு வேட்டைக்காரர் கறி சுட்டுக் கொடுக்கறார், போட்டிருந்த நகையைக் கழட்டிக் கொடுக்கறார். எந்த நாடு என்று கேட்டா சொல்லல, யார் என்று கேட்டா சொல்லல. அவர்தான் நள்ளி என்பது வழியில வேற ஆட்கள் சொல்லித்தான் தெரியுது. வள்ளி கதையில வாங்கினவர் யாருன்னு தெரியாது, இந்தப் பாட்டுல கொடுத்தவர் யாருன்னு தெரியாது. நம்ம ஆட்கள் பெருசா மதிச்ச கொடை ரெண்டுலயும் பேர் பின்னாடிதான் வருது.

இப்படி யோசிச்சு, அந்த அண்ணன் மேல எனக்கு ஒரு கோபம் வந்துச்சு. மறுநாள் திருச்செங்கோட்டுல மலையேறினேன். செங்கோட்டு வேலவரைப் பார்க்கணும்னு. வழியில அறுபதாம் படி வரும். அந்தக் காலத்துல வழக்கு வந்தா அங்க நின்னு சத்தியம் செய்வாங்களாம். பொய் சொல்ல பயப்படற இடம். அங்க உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, அந்த அண்ணன் பக்கத்து நியாயத்தையும் நானே பேசிப் பார்த்தேன்.

அவர் பக்கம் நியாயம் இல்லாம இல்ல. நான் ஒரு ராத்திரி வந்து போறவன். அந்த மில்லுல நூறு பேர் இருக்கலாம். இன்னைக்கு ஒருத்தனுக்குத் திண்ணை கொடுத்தா நாளைக்குப் பத்துப் பேர் வந்தா என்ன செய்வார்? மொழி தெரியாது. வயசுக்கு வந்த பொண்ணு இருக்கற வீடு. முன்பின் தெரியாத ஆளை நம்ப ஏதாவது ஒரு பிடி வேணும். எனக்கு மாலைதான் அந்தப் பிடி. ‘இவன் விரதத்துல இருக்கான், தப்பு பண்ண மாட்டான்’ என்று என் சார்பா அது பேசுச்சு. பையனுக்காகப் பேச எதுவும் இல்ல. இதை வேஷம்னு சொல்லிட முடியாது. பல ஊர்ல திண்ணையே போயிடுச்சு, வீட்டு முன்னாடி கிரில் கேட்டும் கேமராவும்தான் இருக்கு. முகம் தெரியாத ஒருத்தனுக்குத் தனியா சோறு ஆக்கின குடும்பத்தைக் கஞ்சம்னு சொன்னா என் நாக்குதான் அழுகும்.

அப்போ யார் மேல தப்பு? அங்கதான் எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு. அந்த இடத்துல வாயைத் திறந்திருக்க வேண்டியது நான். “அண்ணா, என் பாட்டில்ல தண்ணி இருக்கு, அவனுக்குக் கொடுத்துடறேன்” என்று சொல்லியிருந்தா யாரும் என்னைத் தப்பா நினைச்சிருக்க மாட்டாங்க. விருந்தாளி போன இடத்துல வீட்டுக்காரங்களுக்குப் புத்தி சொல்லக்கூடாது, சரி. ஆனா தன் இலையில இருக்கறதைப் பகிர யார்கிட்ட அனுமதி கேட்கணும்? நான் கேட்கல, கொடுக்கல. ‘சாமி’ன்னு கூப்பிட்டது சுகமா இருந்துச்சு. அந்தச் சுகம் கலைஞ்சுடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு ரசம் குடிச்சேன். உண்மை அவ்வளவுதான்.

திருக்குறள்ல விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். பத்துக் குறளும் பெரும்பாலும் விருந்து கொடுக்கறவங்களைப் பார்த்துதான் பேசுது. 87ஆவது குறள்ல மட்டும் ஒரு திருப்பம் இருக்கு. விருந்தோட பலன் இவ்வளவுன்னு அளந்து சொல்ல முடியாது, வந்த விருந்தாளியோட தகுதி எவ்வளவோ அவ்வளவு என்கிறார். படிக்கிற காலத்துல இதை, ‘நல்ல ஆளாப் பார்த்துச் சோறு போடு’ என்று புரிஞ்சு வெச்சிருந்தேன். இப்போ வேற மாதிரி கேட்குது. அந்த ஆத்தா போட்ட சோத்துக்கு எவ்வளவு மதிப்புன்னு இனிமேல் அவங்க கையில இல்ல. அது என் கையில இருக்கு. சாப்பிட்டவன் எப்படி நடந்துக்கறானோ, அதுதான் அந்தச் சோத்தோட பலன்.

எடப்பாடிக்காரங்க பழனிக்குக் காவடி எடுத்துப் போற வழக்கம் நமக்கெல்லாம் தெரியும். ராத்திரியானா எல்லாரும் மலையிறங்கணும். அவங்களுக்கு மட்டும் மலைமேல தங்கற உரிமை தலைமுறை தலைமுறையா இருக்கு. முருகனே அவங்களுக்குத் திண்ணை கொடுக்கறார்னு வெச்சுக்கலாம். அங்க அவங்க சும்மா படுத்துத் தூங்கல. டன் கணக்குல பஞ்சாமிர்தம் பிசையறாங்க, எல்லாருக்கும் பங்கு போடறாங்க. திண்ணை கிடைச்சவன் கை சும்மா இருக்கக் கூடாதுன்னு எனக்கு இதுல இருந்து புரியுது.

இப்போ என் கதவைப் பார்க்கறேன். பெங்களூருல நாலாவது மாடி. வாரத்துல நாலு நாள் மதியம் ஒரு மணிக்கு யாரோ ஒருத்தர் வெயில்ல வந்து சாப்பாடு கொடுத்துட்டுப் போவார். எங்க கட்டடத்துல டெலிவரி ஆட்களுக்குத் தனி லிஃப்ட். ரெண்டு வருஷத்துல ஒருத்தர்கிட்ட கூட நான் “தண்ணி வேணுமா?” என்று கேட்டதில்ல. நெட்டித் தள்ளினதும் இல்ல. அந்த அண்ணன் மாதிரிதான், கோபப்படாம, திட்டாம. அவராவது பைப்பைக் கைநீட்டிக் காட்டினார். நான் அதுவும் செய்யல. ஃபோனைப் பார்த்துக்கிட்டே ‘தேங்க்ஸ்’ சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பழனி போய்ட்டு வந்த வாரம் கதவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு, மண்பானையில தண்ணி வெச்சேன். முதல் நாள் வந்தவர் அஸ்ஸாம்காரர். பேர் கேட்டேன், சொன்னார். உட்காரச் சொன்னேன், உட்காரல. அடுத்த ஆர்டர் இருக்காம். நின்னுக்கிட்டே ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு ஓடிட்டார். பெருசா எதுவும் நடக்கல. ஸ்டூல் மட்டும் அங்கேயே இருக்கு.

மல்லசமுத்திரத்துல நான் பட்ட கடன் இதோட தீராது. அந்தப் பையனை இனி நான் பார்க்கப் போறதில்ல. அவனுக்குக் கொடுக்காத தண்ணியை அவனுக்கே கொடுக்க முடியாது, வேற யாருக்காவது கொடுத்துக்கிட்டே இருக்கத்தான் முடியும்.

அடுத்த தைப்பூசத்துக்கு நம்மள்ல நிறைய பேர் நடப்பீங்க, நிறைய பேர் வழியில அன்னதானப் பந்தல் போடுவீங்க. இல்லாதவங்களோட ஒரு குருணை நொய்யில பாதியையாவது எப்பவும் பகிரச் சொல்றார் அருணகிரிநாதர், கந்தர் அலங்காரத்துல. மாலை போட்டவங்களுக்குன்னு அவர் சொல்லல. பந்தல்ல நிக்கறவங்க, மாலை போடாம தயங்கித் தள்ளி நிக்கற ஒருத்தரை நீங்களே போய்க் கூப்பிடுங்க. நடக்கறவங்க, உங்க இலைக்கு எதிர்ல யார் வெறும் பாட்டிலோட நிக்கறாங்கன்னு ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க.

நான் அன்னைக்கு நிமிர்ந்து பார்த்தேன். பார்த்துட்டு மறுபடி குனிஞ்சு சாப்பிட்டேன். நீங்க அப்படிப் பண்ணாதீங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!