சுவரேறிக் குதிக்கலாமா?

இரவுக் காவல் சென்ற உமர் (ரலி) அவர்கள், ஒரு வீட்டினுள் பாவம் நடப்பதறிந்து சுவரேறிக் குதித்தார்கள். வீட்டுக்காரரோ, தம் பிழை ஒன்று, கலீஃபாவின் பிழை மூன்று என்றார்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழி வராதது, ஸலாமின்றி நுழைந்தது. கலீஃபா மன்னித்துத் திரும்பினார்களென அறிவிக்கப்படுகிறது. துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் ஹுஜுராத் அத்தியாயத்தில் (49:12) தடுத்துள்ளான்.

இன்று சுவரேற வேண்டியதில்லை, தொலைபேசியே போதும். ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் சபுராளிக் கணவரோடு மனைவி மனம்விட்டுப் பேசுவதும் அதில்தான். லஞ்ச வழக்கொன்றுக்காக 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூலை 2இல் ரத்துச் செய்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் பொது நெருக்கடிக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக்குமே அதற்கு இடமளித்தது. சாதாரணக் குற்றத்தைத் துப்பறிய அல்ல என்றது.

‘குற்றமற்றவனுக்கு என்ன அச்சம்?’ என்பர் சிலர். ஆடை உடுத்தியவரெல்லாம் குற்றத்தை மறைப்பவர்களா? அந்தரங்கம் மானத்தின் ஆடை.

உயிர்களைக் காப்பது ஆட்சியாளர் மீதுள்ள அமானிதம். நாசவேலைக்குத் திட்டமிடுவோரைக் கண்காணிக்கத்தான் வேண்டும். ஆனால் வாசல் வழியே வரட்டும்: எழுத்தில் ஆணை, தக்க காரணம், மறு ஆய்வு.

சகோதரர்களே! மனைவி மக்களின் போனை மறைவாகத் துழாவும் நாமும் சுவரேறுபவர்களே. முதலில் நாம் இறங்குவோம்.