கொடையும் கடமையும்: இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு

ஏழை நோயாளியின் மருந்துக்குப் பொருள் தரும் செல்வர் அறம் செய்கிறார் என்பதில் எந்தச் சமயமும் ஐயம் கொண்டதில்லை. ஆனால் அந்நோயை விளைவிக்கும் நிலைமையை அகற்றும் கடமை வேறொருவருக்கு உரியதாயிருந்து, அவர் அதைச் செய்யாமல் விட்ட இடத்தில் இக்கொடை வந்து சேருமானால், அது அறமாகவே நிலைபெறுமா, அல்லது கடமை தவறியவருக்குக் கிடைத்த சலுகையாக மாறிவிடுமா என்பது எளிதில் தீர்க்கக்கூடிய வினா அன்று. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவு 1916-இல் இலங்கையின் மாத்தளை வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்புகிறது. அங்கே கொடுத்தவர், பெற்றவர், கடமைப்பட்டவர் ஆகிய மூவரும் தெளிவாக வேறு வேறானவர்கள்.

கொக்கிப்புழு என்பது சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமான நிழல் மண்ணில் பொரித்து, இளம்புழுக்களாகி, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகின்றன. நோயுற்றவர் உடனே சாவதில்லை. குருதிச்சோகை பற்றி, மூச்சு வாங்கி, ஆண்டுக்கணக்கில் தளர்ந்துகொண்டே போவார். தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாகத் திரட்டிக் கொண்டுவரப்பட்டு, லயன் எனப்படும் வரிசை அறைகளில் நெருக்கமாகக் குடியமர்த்தப்பட்ட தொழிலாளருக்குக் காலணியும் இல்லை, பெரும்பாலான தோட்டங்களில் கழிப்பிடமும் இல்லை. ஆகவே இந்நோயை முறிக்க இரண்டு செயல்கள் வேண்டும்: குடலிலிருக்கும் புழுவை மருந்தால் வெளியேற்றுவது ஒன்று, மண்ணில் மலம் கலவாதபடி கழிப்பிடம் கட்டுவது மற்றொன்று. முதலாவதைச் செய்ய அறக்கட்டளை முன்வந்தது. இரண்டாவது தோட்ட உரிமையாளரின் பொறுப்பு. அவருடைய நிலத்தில், அவருடைய குடியிருப்பில், அவருடைய இலாபத்துக்காக உழைத்தவர்களைப் பற்றியது அது.

இக்கொடையின் வேர் சமயத்தில் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. ஜான் டி. ராக்பெல்லர் இளமையில் பெற்ற முதல் ஊதியத்திலிருந்தே தம் பாப்டிஸ்ட் திருச்சபைக்கு ஒரு பங்கு கொடுத்து வந்தவர். அவருக்கு ஆலோசகராக இருந்த பிரெடெரிக் கேட்ஸ் அதே சபையின் போதகராக இருந்தவர். கேட்ஸ் 1897-இல் வில்லியம் ஆஸ்லரின் மருத்துவ நூலைப் படித்து, மனிதத் துயரத்தின் பெரும்பகுதி நோயிலிருந்தே பிறக்கிறது என்னும் முடிவுக்கு வந்தார். செல்வம் இறைவனுடையது, அதை வைத்திருப்பவர் அதன் காவலர் மட்டுமே என்னும் கிறித்தவக் கருத்து, 1913-இல் நிறுவப்பட்ட அறக்கட்டளையில் நிறுவன வடிவம் பெற்றது. ஆனால் காவலர் என்னும் இக்கருத்தில் ஒரு குறை உண்டு: காவலர் இறைவனுக்குக் கணக்குக் காட்டுகிறார், நோயாளிக்குக் காட்டுவதில்லை. அடுத்த ஆண்டே, 1914 ஏப்ரலில், அக்குடும்பம் பெரும்பங்கு வைத்திருந்த நிறுவனத்துக்கு எதிராகக் கொலராடோவின் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் தாக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் மாண்டபோது, தொழிலாளரின் ஊதியத்தில் சேராத பணம் அறக்கட்டளையாக உலகை வலம் வருவது முறையா என்ற கேள்வி அமெரிக்காவிலேயே உரக்க எழுந்தது.

மாத்தளையில் மருந்து தன் வேலையைச் செய்தது. செனோபோடியம் எண்ணெய் போன்ற புழுநீக்கிகளை விழுங்கிய தொழிலாளர் பலர் தெளிந்தனர். தோட்டத் துரைமாரும் வேலைத்திறன் கூடும் என்பதால் இதை வரவேற்றனர். கழிப்பிடம் கட்டுவதற்கோ அவர்களில் பலர் தயங்கினர். செலவு மிகுதி என்றும், கட்டினாலும் தொழிலாளர் பயன்படுத்தமாட்டார்கள் என்றும் காரணம் கூறினர். இரண்டாவது காரணம், கட்டிப் பார்ப்பதற்கு முன்னரே சொல்லப்படும்போது, அதைக் காரணம் என்று மதிப்பது கடினம். விளைவு எதிர்பார்க்கக்கூடியதே: குணமானவர்கள் அதே மண்ணில் நடந்து மீண்டும் புழுவை ஏற்றுக்கொண்டனர். தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைத் தோட்ட நிர்வாகம் கவனிக்க வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுச் சட்டங்கள் விதித்திருந்தும், வெளியாரின் பணம் மருந்துக்கு வந்ததால், செய்யப்படாத பாதி கண்ணில் படாமலே போயிற்று.

கொடையைக் குறித்த சமயச் சிந்தனைகள் இவ்விடத்தில் ஒன்றாக நிற்பதில்லை. தானம் பற்றிய இந்திய மரபு பெரும்பாலும் கொடுப்பவரின் மனத்தூய்மையையும், பெறுபவர் அதற்குத் தகுந்த பாத்திரமா என்பதையும் ஆராய்கிறது. பெறுபவருக்கு அப்பொருளின் மீது உரிமை உண்டா என்று அது பொதுவாகக் கேட்பதில்லை. இஸ்லாத்தின் ஸகாத் இதற்கு மாறானது. சேர்ந்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்குரியது என்று வகுத்து, அதைக் கொடாதவர் பிறர் பொருளைப் பிடித்து வைத்திருப்பவர் என்றே அது கருதுகிறது. திருக்குறள் ஈகைக்கு ஓர் அதிகாரமும் அதற்கு முன்னதாக ஒப்புரவுக்குத் தனி அதிகாரமும் வகுத்திருப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கைம்மாறு கருதாமல் ஊரோடு பொருந்தி வாழும் முறைமையே ஒப்புரவு, இரப்பவரின் வறுமை நீக்குவது ஈகை. மேலைத் தத்துவத்தில் இம்மானுவேல் காண்ட் 1797-இல் இன்னும் கடுமையாகக் கேட்டார்: அநீதியான ஏற்பாடுகளால் சிலர் செல்வராகி, அதனாலேயே பிறருக்கு உதவி தேவைப்படுமாயின், அச்செல்வர் செய்யும் உதவியை உதவி என்று அழைப்பது தகுமா என்பதே அவர் கேள்வி.

காண்டின் கேள்வியை முழுமையாக ஏற்றுக்கொண்டால், நீதி வரும்வரை கொடையை நிறுத்தி வைக்க வேண்டும் என்ற முடிவுக்குச் சிலர் வந்துவிடக்கூடும். அது பிழை. குருதி வற்றிக் கிடக்கும் பெண்ணுக்கு நீதி நாளை வரும் என்பது மருந்தாகாது. கொடை மறுக்கப்படுவதால் துரை கழிப்பிடம் கட்டிவிடப் போவதுமில்லை. எனவே குறை கொடுப்பதில் இல்லை, கொடுப்பவர் எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பதில் இருக்கிறது. பிறர் கடமையின் ஒரு பகுதியைத் தாம் ஏற்றுக்கொள்பவர், மீதி யாருடையது என்பதைப் பகிரங்கமாகச் சொல்லி, அது நிறைவேறும்வரை விடாமல் கேட்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். அறக்கட்டளையின் அலுவலர்கள் கழிப்பிடங்களை வற்புறுத்தியது உண்மை. ஆயினும் துரைமாரின் இசைவிலேயே தங்கள் பணி நடந்ததால், அந்த வற்புறுத்தல் வேண்டுகோள் அளவிலேயே நின்றது.

இதைப் பின்னாளில் அறக்கட்டளையே ஒருவகையில் உணர்ந்தது எனலாம். ஒரு நோயைத் துரத்தும் இயக்கத்தை விட்டு, 1926-இல் களுத்துறையில் அரசோடு சேர்ந்து சுகாதாரப் பிரிவு ஒன்றை அது தொடங்கியது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு மருத்துவ அலுவலர், அவருக்குக் கீழ்ச் செவிலியர், மருத்துவச்சிகள், சுகாதாரப் பரிசோதகர்கள் என்ற ஏற்பாடு அது. தாய்சேய் நலம், தடுப்பூசி, கழிப்பிடம், குடிநீர் எல்லாம் ஒரே அலுவலகத்தின் பொறுப்பாயின. அரசு அதைத் தனதாக்கி நாடெங்கும் பரப்பியது. வெளிநாட்டுப் பணம் விலகிய பின்னும் அது நின்றது. நன்கொடை ஒன்று பொதுக் கடமையாக முதிர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. ஆனால் அவ்வமைப்பு வளர்ந்தபோதும், எந்த மக்களின் உடலில் கொக்கிப்புழு இயக்கம் தன் பாடத்தைக் கற்றதோ அந்தத் தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் நிர்வாகங்களின் கையிலேயே தனித்து விடப்பட்டது; தோட்ட மருத்துவமனைகளை அரசின் பொதுச் சுகாதாரச் சேவையோடு இணைக்கும் பணி 1990-களில்தான் படிப்படியாகத் தொடங்கியது.