காரணம் புலப்படாத வலியும் ஐயூப் நபியின் முறையீடும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, சிராங்கூன் ரோட்டை அடுத்துள்ள பள்ளியொன்றில் ஜும்ஆ முடிந்து ஜனங்கள் கலைந்த பின், ஒரு பெரியவர் என் கையைப் பற்றிக்கொண்டார். நெடுங்காலமாக ஜவுளி வியாபாரத்தில் இருப்பவர். "ஹஜ்ரத், மூணு வருஷமா இடுப்பிலே ஆரம்பிச்சுத் தோள் வரைக்கும் வலி. எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, ரத்தமும் பார்த்தாச்சு. டாக்டர் ஒண்ணுமில்லேங்கிறார். வீட்டிலே மகனும், 'அதான் ஒண்ணுமில்லேன்னுட்டாங்களே அத்தா'ங்கிறான். அப்ப நான் பொய்யா சொல்றேன்?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. கல்லாவில் அமர்ந்து நாலு பேரை அதட்டி வேலை வாங்கிப் பழகிய மனிதர் அவர்.

அன்று அவருக்கு இரண்டொரு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாதென்று எனக்கே பட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்லுகிறேன். அவரைப் போன்றவர்கள் நம்மில் ஒருவர் இருவரல்லர்.

டாக்டர் "ஒன்றுமில்லை" என்று சொல்லும்பொழுது, எலும்பு முறியவில்லை, கட்டி இல்லை, ரத்தத்தில் கோளாறு தென்படவில்லை என்று பொருள். அதே சொல் வீட்டு வாசற்படி ஏறும்பொழுது, வலியே இல்லை என்று பொருள் மாறிவிடுகிறது. நடுவழியில் சரக்கு மாறிப்போன கதைதான். எக்ஸ்ரே கடையின் சுவரையும் தூணையும் காட்டும். உள்ளே நடக்கும் வியாபாரத்தை அது எங்கே காட்டப்போகிறது?

ஹஜ்ரத் ஐயூப் (அலை) அவர்களின் சரித்திரத்தைத் திருக்குர்ஆனில் எடுத்துப் பாருங்கள். அன்பியா சூராவிலும் ஸாத் சூராவிலும் வருகிறது. அவர்களுக்கு வந்த வியாதியின் பெயர் என்ன? இரண்டு இடத்திலும் சொல்லப்படவில்லை. பிற்காலத்துக் கதைகளில் புண் என்றும் புழு என்றும் விஸ்தாரமாகச் சொல்லுவார்கள். குர்ஆனில் அதெல்லாம் கிடையாது. தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதென்றும், அல்லாஹ்வே எல்லோரினும் பெருங்கருணையாளன் என்றும் அவர்கள் முறையிட்டார்கள் (21:83). அவ்வளவுதான். அடுத்த ஆயத்திலேயே அம்முறையீடு ஏற்கப்பட்டுவிட்டது. என்ன வியாதி, அத்தாட்சி எங்கே என்ற கேள்வி அங்கே எழவேயில்லை.

வலிக்கிறதென்று வாய் திறந்தாலே, "ஸபுர் செய்யுங்கள்" என்று வாயடைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் முறையிட்ட அதே ஐயூப் நபியைத்தான் பொறுமையாளர் என்று அல்லாஹுத்தஆலா புகழ்ந்துரைக்கிறான் (38:44). ஆகவே முறையீடு வேறு, பொறுமையின்மை வேறு. ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் தலைவலி தாளாமல் அரற்றியபொழுது, நாயகம் (ஸல்) அவர்கள் தமது தலையும் வலிப்பதாகவே பதில் கூறினார்கள் என்று புகாரியில் வருகிறது. அரற்றாதே என்று கடிந்துகொள்ளவில்லை.

உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) என்ற ஸஹாபி, தாம் இஸ்லாத்தில் சேர்ந்த நாள் தொட்டு உடம்பில் இருந்துவரும் ஒரு வலியைப் பற்றி நாயகத்திடம் முறையிட்டார். வலிக்கும் இடத்தில் கையை வைத்து மூன்று தடவை பிஸ்மில்லாஹ் சொல்லி, தான் உணரும் தீங்கிலிருந்தும் அஞ்சும் தீங்கிலிருந்தும் அல்லாஹ்வைக் கொண்டும் அவன் வல்லமையைக் கொண்டும் பாதுகாப்புத் தேடி ஏழு தடவை ஓதும்படி அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இது முஸ்லிம் ஹதீஸ் நூலிலுள்ளது. இதில் என் மனதைத் தொடுவது ஒன்று. அஞ்சும் தீங்கு என்றும் அதில் வருகிறதல்லவா? இன்றைய வலியைவிட, நாளைக்கும் இப்படியே இருக்குமோ, கடையை யார் பார்ப்பார், பெண் கல்யாணம் என்னவாகும் என்ற பயமே நாள்பட்ட நோயாளியை அதிகம் தின்கிறது. பாதுகாப்புத் தேடும்பொழுது அதற்கும் சேர்த்தே தேடச் சொன்னார்கள்.

துஆ இருக்கிறதே, மருந்தெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மருந்து செய்துகொள்ளும்படி கட்டளையிட்டவர்களும் அதே நாயகம்தான். முதுமை ஒன்றைத் தவிர மருந்தில்லாத பிணியை அல்லாஹ் இறக்கவில்லை என்றார்கள். இன்னோர் அறிவிப்பில், அம்மருந்தை அறிந்தவர் அறிந்திருக்கிறார், அறியாதவர் அறியாதிருக்கிறார் என்றும் வருகிறது. ஒரு டாக்டருக்குத் தெரியவில்லை என்றால், அவர் இன்னும் அறியாதவர் என்றுதான் பொருள். தேடுவதை நிறுத்த அது காரணமாகாது.

ஆனால் எங்கே தேடுவது? விபரீதம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

தெலுக் ஆயர் தெருவில் நம் சோழிய முன்னோர் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டிய நாகூர் தர்கா, 1974ல் தேசிய நினைவுச் சின்னமாகி, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குவது நீங்கள் அறிந்ததே. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையைப் பற்றி வழங்கிவரும் ஒரு வரலாறு உண்டு. தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கருக்குக் காரணம் புலப்படாத நோய் கண்டது. அரண்மனையில் ஊசிகள் குத்தப்பட்ட ஒரு புறாவைக் கண்டெடுத்து, ஆண்டகை ஊசிகளைப் பிடுங்கவே மன்னர் குணமடைந்தார் என்பார்கள். நாகூரில் புறா விடும் வழக்கத்துக்கு இதையே காரணமாகச் சொல்லுவார்கள். இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் என் வலிக்குப் பின்னாலும் யாரோ ஊசி குத்தியிருக்கிறார்கள்" என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் பயமாயிருக்கிறது. மை போட்டுப் பார்ப்பவரும் தகடு எடுப்பவரும் காசை வாங்கிக்கொண்டு ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் தம்பி மனைவியாகவோ, கூட்டாளியாகவோ இருக்கும். வலி அப்படியே இருக்கும், குடும்பம் இரண்டாகும், கூட்டுக் கடை பிரியும். குர்ஆன் ஓதி ஊதிக்கொள்வதை நான் தடுக்கவில்லை, அது சுன்னத்து. ஆளைக் குறிசொல்லிக் காட்டிக்கொடுப்பது சுன்னத்தன்று.

ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவர்களுக்கு ஏர்வாடியை நான் சொல்லத் தேவையில்லை. டாக்டர்களால் ஆகாதென்று அழைத்துச் செல்லப்பட்ட மனநோயாளிகள் அங்கே ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தபொழுது, 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலை தீப்பற்றி 28 பேர் மாண்டுபோனார்கள். ஓட முடியவில்லை. அழைத்துச் சென்றவர்களில் பலர் அன்போடுதான் அழைத்துச் சென்றிருப்பார்கள். உடல் வலியும் மனநோயும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். பதில் கிடைக்காத குடும்பம் கடைசியில் போய் நிற்கும் வாசல் மட்டும் ஒன்றாயிருப்பதால் சொன்னேன்.

இன்னொரு வாசல், பெயர் தெரியாத மாத்திரைப் பொட்டலம். ஊரிலிருந்தோ அக்கரையிலிருந்தோ ஒருவர் கொண்டுவந்து, "மூலிகைதான், மூன்றே நாளில் கேட்கும்" என்று தருவார். கேட்கவும் செய்யும்! சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் இத்தகைய வலி மருந்துகள் பலவற்றைச் சோதித்து, டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மீண்டும் மீண்டும் எச்சரித்திருக்கிறது. முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. ஏற்கனவே சாப்பிட்டு வருபவர்கள் தாமே நிறுத்தாமல், பொட்டலத்தோடு டாக்டரிடம் போகவேண்டும். வெட்கப்பட்டு மறைப்பது கூடாது.

பெரியவரின் கேள்விக்கு வைத்திய உலகமே இப்பொழுது பதில் சொல்லியிருக்கிறது. வலி ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2020ல் வலிக்குப் புது இலக்கணம் வகுத்தபொழுது, ஒருவர் தமக்கு வலிப்பதாகச் சொன்னால் அச்சொல்லை மதிக்கவேண்டும் என்று சேர்த்தே எழுதியது. உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்று 2022 முதல் அமலாக்கிய நோய்ப் பட்டியலில், 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி தானே ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. கடையில் திருட்டு மணி வைத்திருக்கிறீர்கள். திருடன் வந்தால் அடிக்கவேண்டிய மணி, சில சமயம் உள்ளே ஏதோ பிசகிப் பூனை நடந்தாலும் அடிக்கும், காற்றடித்தாலும் அடிக்கும். திருடன் இல்லை என்பது மெய். மணி அடிப்பதும் மெய்யல்லவா? நரம்பும் மூளையும் அவ்வாறு கூருணர்வடைந்துவிடுவதுண்டு. அதற்கு வைத்தியமும் உண்டு. அளவாகக் கூட்டிச் செல்லும் உடற்பயிற்சி, தூக்கத்தைச் சீர்செய்வது, மனத்தைப் பழக்குவது, சில மாத்திரைகள். அமிட்ரிப்டிலின் என்றொரு மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். அது மனச்சோர்வுக்கும் கொடுப்பது என்று கேள்விப்பட்டவுடன், "எனக்கென்ன பைத்தியமா?" என்று குப்பையில் போட்டவர்களை நானறிவேன். ஒரே அரிசியில் சோறும் ஆக்கலாம், கஞ்சியும் காய்ச்சலாம். கோபிக்க என்ன இருக்கிறது?

சிங்கப்பூர் பொது மருத்துவமனையிலும் டான் டோக் செங் மருத்துவமனையிலும் வலிக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. பலதுறை மருந்தகத்தில் காட்டி அங்கிருந்து கடிதம் பெற்றுப் போனால், பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணச் சலுகை கிடைக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். வலியோடு காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கால் மரத்தல், சிறுநீர் அடக்கமுடியாமை இவற்றில் எது புதிதாகக் கண்டாலும், "முன்பே பார்த்தாகிவிட்டது" என்று இருந்துவிடாமல் உடனே ஓடவேண்டும்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ரொட்டிக் கடையில் பத்து மணி நேரம் மாவடிப்பவனுக்குத் தோள் வலித்தால் அது சாக்குப்போக்கு என்றும், நமக்கு வலித்தால் வியாதி என்றும் எண்ணுவது நியாயமா? தொழுகை விஷயத்திலும் அவ்வாறே. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நாற்காலியில் தொழுபவரைப் பார்த்து, "நேற்று மார்க்கெட்டில் நடந்தாரே" என்று முணுமுணுப்பவர் இந்த ஹதீஸையும் நினைவில் வைக்கட்டும். இவ்வலி ஒரு நாள் விடும், ஒரு நாள் பிடிக்கும்.

சென்ற வாரம் அப்பெரியவரைக் கண்டேன். செவ்வாய்க்கிழமைதோறும் மகன் கல்லாவில் உட்காருகிறானாம்; இவர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறார். வலி விட்டதா என்று கேட்டேன்.

"இருக்கு ஹஜ்ரத். ஆனா இப்ப ராத்திரி கடை அடைச்சு வந்ததும், 'இன்னிக்கு எப்படி இருக்கு அத்தா'ன்னு அவனே கேக்கிறான்" என்றார்.