உரைகல் யார் கையில்?

இலங்கையின் அவிசாவளை–ஹட்டன் வீதியில், கினிகத்தேனையைத் தாண்டி மேலே ஏறினால் தேயிலைச் சரிவுகள். ஒரு காலத்தில் இந்த மலைகளில் ஒரு தொழிலாளி தோட்டம் மாற, பழைய தோட்டத்துத் துரை எழுதித் தரும் ‘துண்டு’ வேண்டும். கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்ற காகிதம் அது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது.

துண்டு போய்விட்டது, பழைய முதலாளியின் வாக்கு போகவில்லை.

இன்று தொலைபேசியில் “ஆள் சரியில்லை” என்றாலே போதும், வேலை கைநழுவும். அது உண்மையாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். எப்படிப் பிரிப்பது?

ஆளைத் தேர்வதற்கென்றே திருக்குறளில் 51ஆம் அதிகாரம், ‘தெரிந்துதெளிதல்’, இருக்கிறது. விசாரிக்காதே என்று வள்ளுவர் சொல்லவில்லை. குணம், குற்றம் இரண்டையும் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார். அவரவர் செயலையே உரைகல் ஆக்குகிறார். அப்படியானால் விண்ணப்பித்தவரையும் கூப்பிட்டு, குற்றச்சாட்டைச் சொல்லி, அவர் செய்த வேலையைக் காட்டச் சொல்ல வேண்டும்.