நாலு பரப்புக் காணி

நுவரெலியாவுக்குச் சென்ற எவரும் கிரகரி வாவியைப் பாராமல் திரும்பியிருக்க மாட்டார்கள். கொழும்பு நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றவர்கள் அதன் முன்றலில் நிற்கும் சிலையையும் கண்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே மனிதரை நினைவூட்டுபவை. 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் கிரகரி அவர். 1873இல் வட மத்திய மாகாணத்தைத் தனியாகப் பிரித்து அமைத்தவர், தூர்ந்து கிடந்த குளங்களைத் திருத்துவதில் ஊக்கம் காட்டியவர், நூதனசாலையைக் கட்டுவித்தவர். நல்ல தேசாதிபதிகளின் வரிசையில் அவரை வைப்பது நம் நாட்டுச் சரித்திர நூல்களின் வழக்கம். அதில் தவறு காண்பதற்கில்லை.

ஆயினும் அவருடைய குடும்பக் காணிகள் இருந்த அயர்லாந்து நாட்டில் அவரது பெயரை வேறொரு காரியத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். வாசகரே, இதை நாம் புத்தகத்தில் படித்து அறிந்தோமில்லை. ஒரு கார்ப் பயணத்திலே, நண்பர்களோடு வாதாடிக்கொண்டு போனபோது அறிந்தோம்.

நாம் நால்வர் சென்றோம். மற்ற மூவரும் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்று ஒருவர் கணக்காளர், ஒருவர் வைத்தியர், ஒருவர் ஆசிரியர். மூவரும் இங்கிலாந்தில் குடியேறிப் பல ஆண்டுகளாகின்றன. பத்திரிசியாரின் பெயரால் வளர்ந்தும் அவருடைய நாட்டை இன்னும் காணவில்லையே என்ற குறையைத் தீர்ப்பதற்காக, லிமரிக் நகரில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, மேற்குக் கரையோரமாக வடக்கே மேயோ வரை ஓடுவதென்று தீர்மானித்தோம். அங்கும் நம் நாட்டைப் போல வாகனங்கள் இடப்பக்கமாகவே ஓடுகின்றன. ஆகையால் காரோட்டிய கணக்காளருக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. நமது ஒழுங்கைகளிலும் ஒடுங்கிய வீதிகளும், அவற்றின் நடுவே படுத்திருந்து அசைபோடும் செம்மறிகளுமே அவருடைய பொறுமையைச் சோதித்தன.

கிளேயர் மாவட்டத்திலே பரன் என்றொரு பிரதேசம் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் சுண்ணக்கல். வெடிப்புகளுக்குள்ளே மட்டும் புல்லும் சிறு பூக்களும். சாந்தின்றிக் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய மதில்கள் அந்தக் கல்வெளியைக் கூறு கூறாகப் பிரித்துக் கிடக்கின்றன. நெடுந்தீவின் கல்வேலிகளைக் கண்டவருக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது. "இதுக்குள்ளை என்னத்தை நட்டிருப்பாங்கள்?" என்று வைத்தியர் கேட்டார். உருளைக்கிழங்கைத்தான் நட்டார்கள். அதிலிருந்து தொடங்கியதே எங்கள் வாதம்.

பரனைக் கடந்து கோல்வே நோக்கிப் போகும் வழியில், கோர்ட் என்னும் சிறு பட்டினத்துக்கு அண்மையில் கூல் பூங்கா இருக்கிறது. கிரகரி குடும்பத்தாரின் இருப்பிடம் அது. வீடு 1941இல் இடிக்கப்பட்டுவிட்டது. காடும், ஏரியும், மதில் சூழ்ந்த தோட்டமும் எஞ்சியிருக்கின்றன. தேசாதிபதியின் இரண்டாம் மனைவியான அகஸ்தா சீமாட்டி அயர்லாந்தின் நாடக மறுமலர்ச்சிக்குத் தாய் போன்றவர். கவிஞர் யேற்ஸ் முதலானோர் அங்கே விருந்தினராகத் தங்கினர். அவர்கள் தம் பெயரின் முதலெழுத்துக்களைச் செதுக்கிய மரம் இன்றும் நிற்கிறது. உல்லாசப் பயணிகள் அதைப் படம் பிடிக்கிறார்கள், நாமும் பிடித்தோம்.

இனி அந்தக் காரியத்துக்கு வருவோம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் கண்டது. 1846இல் பயிர் ஏறத்தாழ முற்றாகவே அழிந்தது. காலையிலும் மாலையிலும் கிழங்கையன்றி வேறொன்றும் உண்டறியாத இலட்சக்கணக்கான ஏழைகள் அந்நாட்டில் இருந்தனர். 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 80 இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை, 1851இல் 65 இலட்சமாகக் குறைந்தது. பட்டினியாலும் காய்ச்சலாலும் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர்.

1847இல் நிவாரணச் சட்டமொன்று இலண்டன் பாராளுமன்றத்தில் ஆராயப்பட்டபோது, அன்று டப்ளின் நகரின் உறுப்பினராக இருந்த இளைஞர் கிரகரி அதில் ஒரு வாசகத்தைச் சேர்க்கும்படி பிரேரித்தார். கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருக்கும் எவருக்கும் பொது நிவாரணம் இல்லை. உணவு வேண்டுமாயின் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அது. கால் ஏக்கர் என்றால் நம்மூர்க் கணக்கில் நாலு பரப்பு. பிரேரணைக்கு ஆதரவாக 117 வாக்குகளும் எதிராக 7 வாக்குகளும் கிடைத்தன.

விளைவு என்ன? பசி தாங்காதவர்கள் குத்தகை நிலத்தைத் துறந்தார்கள். துறந்த மறுகணமே பல இடங்களில் நிலச்சுவாந்தரின் ஆட்கள் வந்து குடிசையின் கூரையைப் பிரித்தார்கள். மற்றும் சிலர், அடுத்த ஆண்டு கிழங்கு விளைந்தால் பிழைத்துக்கொள்ளலாம், நிலம் போனால் எக்காலமும் பிழைக்க வழியில்லை என்று எண்ணி, நிலத்தைப் பிடித்துக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். அப்படிக் கிடந்தவர்களுள் எத்தனையோ பேர் மடிந்தார்கள்.

கிரகரியைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. ஆனால் அவருடைய தந்தையார் அதே 1847இல், தம் குடியானவர்களிடையே நிவாரண வேலை செய்கையில் தொற்றிய காய்ச்சலால் இறந்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இரக்கம் அறியாத குடும்பம் அன்று அது. பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோதும் கிரகரி அந்த வாசகம் கடுமையானதென்பதை ஒப்புக்கொண்டார், அவசியமானதென்றே வாதித்தார்.

கோல்வேயைத் தாண்டிக் கொனமாரா மலைகளுக்குள் புகுந்தபோது கணக்காளர் வாய் திறந்தார்.

"சுவாமி, நீங்கள் கோவிக்கக்கூடாது. எனக்கு அந்தச் சட்டத்திலை பெரிய பிழை தெரியேல்லை. காணி வைச்சிருக்கிறவனுக்கும் பொதுக்காசிலை சாப்பாடு எண்டால், ஒண்டுமில்லாதவனுக்கு என்ன மிஞ்சும்?"

"காணியை அவிச்சுத் தின்னலாமோ?" என்று பின்னாலிருந்து ஆசிரியர் சீறினார்.

"தின்னேலாது. ஆனால் எங்கையோ ஒரு கோடு கீறத்தானே வேணும்."

வாசகரே, அவர் சொன்னதைச் சட்டென்று தள்ளிவிடாதீர்கள். நூறு பேருக்கு அரிசி வைத்திருப்பவரிடம் முந்நூறு பேர் வந்து நின்றால் அவர் ஏதாவதொரு கோடு கீறத்தான் வேண்டும். பங்குகளில் வின்சென்ட் டி போல் சபையினர் மாதந்தோறும் இதைத்தான் செய்கிறார்கள். ஓட்டு வீடா, ஓலை வீடா, மகன் வெளிநாட்டிலா என்று விசாரிப்பது குற்றமா? உழைக்க மனமில்லாதவனுக்கு உணவும் வேண்டாம் என்ற கருத்தில் அப்போஸ்தலர் சின்னப்பரே தெசலோனிக்கருக்கு எழுதவில்லையா? எழுதினார். ஆயினும் அவர் பேசியது மனமில்லாதவனைப் பற்றி. சீவன் இல்லாதவனைப் பற்றி அவர் அங்கே பேசவில்லை. இவ்விருவரையும் ஒருவராகக் கருதியதே அக்கால ஆட்சியாளரின் பெரும் பிழை என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்தப் பிழையின் அடையாளத்தை அன்று பிற்பகலே கண்டோம். லீனான் என்னும் ஊருக்கருகில் கில்லரி என்றொரு கடற்கழி மலைகளுக்கிடையே நெடுந்தூரம் உள்ளே வருகிறது. எதிர்க்கரைச் சரிவுகளில், புல்லின் கீழே, பழைய கிழங்குப் பாத்திகளின் வரிகள் இன்றும் தெரிகின்றன. நட்டவர்கள் போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. தென்கரையோரமாகப் புல் படர்ந்த பாதையொன்று போகிறது. பஞ்சகால நிவாரண வேலையாகப் போடப்பட்ட பாதை அது. சும்மா உணவு கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாவர் என்ற அச்சத்தினால், 1846-47 கடுங்குளிர் காலத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கல்லுடைக்கவும் வீதி போடவும் வைத்தார்கள். 1847 மார்ச்சில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்த வேலையில் இருந்தார்கள். செய்த வேலையை அளந்தே பெரும்பாலும் கூலி. ஆகவே அதிகம் பசித்தவனுக்கே குறைந்த கூலி. தனியார் எவருக்கும் அவ்வேலையால் இலாபம் கிடைத்துவிடக் கூடாதென்ற எச்சரிக்கை வேறு. அதனால் எங்கேயும் போய்ச் சேராமல் சதுப்பு நிலத்தில் முடிந்துவிடும் வீதிகளும் போடப்பட்டன.

வேலைத்திட்டம் தோல்வி என்று கண்டபின் அவ்வாண்டுக் கோடையில் அரசாங்கமே கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. ஜூலையில் நாளொன்றுக்கு 30 இலட்சம் பேர் உண்டார்கள். கல்லுடைக்க வைத்ததிலும் குறைந்த செலவில் உண்டார்கள். முடியாத காரியமல்ல என்பது அப்போது தெளிவாயிற்று. ஆயினும் இலையுதிர் காலத்தில் அவற்றை மூடிவிட்டார்கள். அதன்பின் எஞ்சியது ஏழைகள் நிவாரணச் சட்டமும், அதில் கிரகரி சேர்த்த வாசகமுமே.

எவ்வளவு கவனமாகச் சட்டம் இயற்றினாலும், கொடுப்பவனுக்கு இரண்டு விதமான தவறு நேரக்கூடும். தேவையில்லாதவன் ஒருவன் வந்து வாங்கிப் போகலாம். தேவையுள்ளவன் ஒருவன் வெறுங்கையோடு திரும்பலாம். இரண்டையும் ஒருங்கே தடுக்கும் சட்டம் இவ்வுலகில் இல்லை. ஒன்றை இறுக்கினால் மற்றது பெருகும். ஆகவே கோடு கீறுபவன், அறிந்தோ அறியாமலோ, எந்தத் தவறு நடந்தாலும் பாதகமில்லை என்பதைத் தீர்மானித்துக்கொண்டுதான் கீறுகிறான். முதலாவது தவறு நேர்ந்தால் நட்டம் நமக்கு. கொஞ்சம் அரிசியும் கொஞ்சம் ரோசமும் போகும். இரண்டாவது நேர்ந்தால் நட்டம் வாசலில் நிற்பவனுக்கு. அந்த 117 பேரும் ஏமாற்றப்படுவதற்கு அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கான விலையை வேறு யாரோ செலுத்தினார்கள்.

மிகுந்த தேவையின்போது பொருட்கள் யாவும் பொதுவாகின்றன, அந்நிலையில் ஒருவன் பிறர் பொருளை எடுத்து உண்டால் அது களவாகாது என்று புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். குருமடத்தில் இதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். அதை உண்மையாக ஏற்றுக்கொண்டால், பட்டினி கிடப்பவன் நம்மிடம் பெறுவது பிச்சையா, அவனுக்கு உரியதா என்ற கேள்வி எழுகிறது. உரியதானால், அதற்கு ஈடாக அவனுடைய நாலு பரப்பைக் கேட்க நமக்கு என்ன அதிகாரம்?

இதைச் சொன்னதும் கணக்காளர், "சுவாமி பிரசங்கம் துவங்கிட்டார்" என்றார். நியாயந்தான், நிறுத்திக்கொண்டோம்.

மறுநாட் காலை லீனானிலிருந்து மேயோ மாவட்டத்துக்குள் சென்றோம். டெல்பி என்னுமிடத்தைக் கடந்ததும் டூலோ ஏரி. இருபுறமும் செங்குத்தான மலைகள், கரிய நீர், வீடு வாசல் இல்லை. வீதியோரத்தில் அலங்காரமில்லாத கற்சிலுவை ஒன்று நிற்கிறது. 1849 மார்ச் 30ஆம் திகதி, நிவாரணம் பெறுவோர் உண்மையில் அதற்குத் தகுதியானவர்களா என்று பரிசோதிக்க இரு அதிகாரிகள் லூயிஸ்பர்க் என்ற ஊருக்கு வருவதாக இருந்தது. சனங்கள் கூடினார்கள். பரிசோதனை அங்கு நடைபெறவில்லை. அதிகாரிகள் டெல்பியிலிருந்த வேட்டை மாளிகைக்குப் போய்விட்டார்கள். மறுநாட் காலை 7 மணிக்கு அங்கே வராதவர்களின் பெயர் வெட்டப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தூரம் ஏறக்குறைய 12 மைல். எலும்பும் தோலுமாயிருந்த சனங்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, அந்தக் குளிரில் இரவோடிரவாக நடந்தார்கள். வீதியோரத்தில் ஏழு உடல்கள் கிடந்தன, இன்னும் ஒன்பது பேர் வீடு திரும்பவில்லை என்று அக்காலத்தில் தெரிவிக்கப்பட்டது. ஊரார் வழிவழியாகச் சொல்லும் தொகை அதனிலும் பன்மடங்கு.

அந்தச் சிலுவையில் காந்தியடிகளின் வாக்கொன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. சக மனிதரைச் சிறுமைப்படுத்துவதில் மனிதர் எவ்வாறு பெருமை காண்கிறார் என்று அவர் வியந்து கேட்டது. அவ்வளவு தொலைவில், அந்த மழையில், நமக்குப் பழக்கமான அந்தப் பெயரைக் கண்டதும் ஆசிரியர் தொப்பியைக் கழற்றினார்.

வைத்தியர் மெல்லச் சொன்னார்: "1847இலை அமெரிக்காவிலை சொக்டோ எண்ட செவ்விந்தியச் சனம் இந்த நாட்டுக்குக் காசு சேர்த்து அனுப்பினது தெரியுமோ? 170 டொலர்." தம் மண்ணிலிருந்து 1831 முதல் துரத்தப்பட்டு, வழிநெடுகத் தங்கள் பிள்ளைகளைப் புதைத்து வந்து பதினைந்து ஆண்டளவே ஆன சனம் அது. அயர்லாந்துக்காரன் எவனிடமும் எவ்வளவு காணி இருக்கிறதென்று அவர்கள் விசாரித்ததாக இல்லை. 2017இல் கோர்க் மாவட்டத்து மிடில்டன் என்னும் ஊரில் அவர்களுக்கு நன்றியாக உருக்கு இறகுகளாலான சின்னமொன்று திறந்துவைக்கப்பட்டது.

கணக்காளர் எதுவும் சொல்லவில்லை. மழை பலத்ததால் காருக்குள் வந்து அமர்ந்தோம். அங்கே இருந்துகொண்டுதான், இதுவரை எவரிடமும் பேசாத ஒன்றை நாம் அவர்களிடம் சொன்னோம். உங்களிடமும் சொல்லிவிடுகிறோம்.

இடப்பெயர்வுக் காலமொன்றில் நாம் இளங்குருவாக ஒரு பங்கில் இருந்தோம். உலருணவு குறைவு, வந்த சனமோ அதிகம். நீதியாகப் பகிர வேண்டுமென்று நாமே ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தோம். அதில் 'சொந்தக் காணி உண்டா?' என்று ஒரு கேள்வி. உண்டு என்பவர்கள் இரண்டாம் பட்டியலுக்குப் போக வேண்டும். ஒரு நாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். காணி உண்டென்று உண்மையைச் சொன்னாள். அந்தக் காணிக்கு அவள் போக முடியாது. போக முடியாதபடியால்தான் எங்கள் வாசலுக்கு வந்திருந்தாள். "இரண்டாம் பட்டியலுக்கு அடுத்த கிழமை வாங்கோ, அம்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னோம். அவள் வாதாடவில்லை. படிவத்தில் ஒப்பமிட்டுவிட்டுப் போனாள்.

"அடுத்த கிழமை வந்தவவோ, சுவாமி?" என்று கணக்காளர் கேட்டார்.

வரவில்லை. இரண்டாம் பட்டியலுக்கும் சாமான் வந்தபோது அவள் தங்கியிருந்த பாடசாலைக் கட்டடத்துக்கு அரிசிப் பையோடு ஆள் அனுப்பினோம். அந்த வகுப்பறையில் வேறொரு குடும்பம் இருந்தது. அவள் எங்கே போனாளென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

எஞ்சிய படிவங்கள் நெடுநாள் பங்கு அலுமாரியில் கிடந்தன. மறுபக்கம் வெறுமையாக இருந்தபடியால், மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் படம் கீறக் கொடுத்துவிட்டோம்.