பெயர் எனும் கடன்

பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் ‘சிறியவர்’ என்பது பொருள். யோவான் என்னும் எபிரேயப் பெயருக்கு ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்பது பொருள். இவற்றை உணர்ந்தே நம் முன்னோர் சின்னப்பர் என்றும் அருளப்பர் என்றும் அழகுறத் தமிழாக்கினர். பெயரின் பொருளை அறிவது எளிது. அப்பொருளுக்கு உரியவராய் வாழ்வது எளிதா?

இங்கிலாந்தின் வரலாற்றில் இவ்வினாவுக்கு ஒரு விடை உண்டு. எதல்ரெட் என்பது பழைய ஆங்கிலப் பெயர். ‘எதல்’ என்றால் மேன்மை. ‘ரெட்’ என்றால் ஆலோசனை. மேன்மையான ஆலோசனை என்னும் இப்பெயரைத் தாங்கிய ஒருவர், 978-ஆம் ஆண்டில், சிறுவனாய் இருக்கையிலேயே அரியணை ஏறினார்.

அவர் காலத்தில் டென்மார்க் நாட்டவர் மீண்டும் மீண்டும் படையெடுத்து வந்தனர். டேனியர் தம் உயிரைப் பறிக்கச் சதி செய்வதாக 1002-இல் மன்னருக்குச் செய்தி எட்டியது. உடனே, நாட்டில் வாழ்ந்த டேனியர் அனைவரையும் கொல்லுமாறு ஆணையிட்டார். ஆக்ஸ்போர்டு நகரில் வாழ்ந்த டேனியர், உயிருக்கு அஞ்சிப் புனித ஃபிரைட்ஸ்வைட் ஆலயத்துக்குள் புகுந்தனர். துரத்தி வந்தவர்கள் ஆலயத்துக்கே தீயிட்டனர்.

1004-இல் அவ்வாலயத்துக்கு மன்னர் வழங்கிய சாசனமே இதனைக் கூறுகிறது. டேனியர் கோதுமையிடையே முளைத்த களைகள் என்றும், அவர்களை அழித்தது நீதியே என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. நம் நெஞ்சைத் தைப்பது இதுவே. களைகளைப் பறிக்க விரைந்த பணியாளரைத் தடுத்து, அறுவடைவரை பொறுத்திருக்கச் சொன்ன தலைவரின் உவமையன்றோ அது! மேன்மையான ஆலோசனை மன்னரின் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அவரோ உவமையின் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் அறிவுரையை விட்டுவிட்டார்.

1013-இல் டென்மார்க் மன்னர் ஸ்வேன் நாட்டைக் கைப்பற்ற, எதல்ரெட் கடல் கடந்து ஓடினார். மறு ஆண்டு திரும்பி வந்து 1016-இல் இறந்தார். பிற்காலத்தவர் அவர் பெயரோடு ‘உன்ரெட்’ என்னும் அடைமொழியைச் சேர்த்தனர். ‘தீய ஆலோசனை’ என்பது அதன் பொருள். பெற்றோர் இட்ட பெயரை அவர் செயலே பொய்யாக்கிற்று.

திருமுழுக்கில் நாம் பெறும் பெயர் நாம் ஈட்டிய பட்டமன்று. நமக்காக ஏறெடுக்கப்பட்ட மன்றாட்டு. அதை வாழ்நாளெல்லாம் செலுத்தித் தீர்க்க வேண்டியவர்கள் நாம். அயலாரைக் களை என்று பெயரிட்டழைக்க, அதற்கும் மறைநூலையே துணைக்கழைக்க, நம் நாவும் சில வேளைகளில் துடிக்கிறதே! அவ்வேளையில், நம் பெயரின் பொருளை ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.