வாயைத் திற, மகளே!

"ஒன்னுமே இல்லாததுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

யாராவது இப்படிக் கேட்டுவிடுவார்களோ என்ற ஒரே பயத்தில் வலியை விழுங்கிக்கொண்டு சிரித்த கர்ப்பிணிகள் எத்தனை பேர்! கல்யாண மண்டபத்தில், கோயில் வரிசையில், சுற்றுலா வேனின் பின்சீட்டில், உள்ளே ஏதோ சரியில்லை என்று தெரிந்தும் ‘எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது நாம் ஏன் கெடுக்க வேண்டும்’ என்று உதட்டைக் கடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! மகளே, உன்னிடம்தான் பேசுகிறேன். யாருடைய சந்தோஷத்தைக் காப்பாற்ற உன் உயிரையும் உன் பிள்ளையின் உயிரையும் பணயம் வைக்கிறாய்? வாயைத் திற!

என் அக்கா மகள் திறந்தாள். அவளுக்கு அப்போது எட்டாவது மாதம். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்ததால் குடும்பமே வேன் பிடித்து மாமல்லபுரம் போயிருந்தது. அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை என்று சுற்றியதில் மதியமாகிவிட்டது. வழியில் கழிப்பறை தேட வேண்டியிருக்குமே என்று அவள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருந்தாள். நம் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் பாதையில் வயிறு கல்லாக இறுகியது. விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறுகியது. காலையிலிருந்து குழந்தை அசைந்த நினைவே இல்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நிழலில் உட்கார்ந்தாள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வேனில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். இறுக்கம் நிற்கவில்லை. "வெயில்ல நடந்தா இழுத்துப் பிடிக்கும்மா. சூட்டு வலியாத்தான் இருக்கும். சாப்பாடு சொல்லியாச்சு, ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாம்" என்றார் மாமியார். மூன்று பிள்ளை பெற்றவர், வாஞ்சையோடுதான் சொன்னார். கணவன் அம்மா முகத்தையும் மனைவி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்ல அத்தை. எனக்குச் சரியாப் படல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, ‘உங்களுக்கெல்லாம் சிரமம்’ என்று இழுக்கவில்லை. கணவன் 108-ஐ அழைத்தான். ஆம்புலன்ஸில் வந்தவர் ரத்த அழுத்தம் பார்த்து, எத்தனையாவது வாரம் என்று கேட்டு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பை ஓடவிட்டார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கலாம் என்பது கணக்கு. அதற்குள் அழகாக ஓடியது. கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை. உடம்பில் நீர் வற்றியிருந்தது, சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தது. இரண்டுமே வயிற்றை இப்படி இறுக வைக்கக்கூடியவை. டிரிப் ஏற்றி மருந்து கொடுத்ததும் இறுக்கம் அடங்கியது, பிள்ளை உதைக்கத் தொடங்கியது. நாள் நிறைந்து சுகப்பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்தது.

நல்லபடி முடிந்ததே, அதனால் அவள் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. முடிவு எப்படி இருந்தாலும் அவள் செய்தது சரிதான்! தொற்றுகூட இல்லாமல் வெறும் பொய்வலியாக இருந்து, ‘ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போம்மா’ என்று அனுப்பியிருந்தாலும் சரிதான். எல்லாம் சரியாகச் செய்தும் பிள்ளையை இழந்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் தைரியம் குறைந்திருந்தது என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கு அழுகட்டும்.

திண்டிவனத்தில் நடந்ததைக் கேள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் ஓர் இரவு. பிரசவத்தில் தவித்த மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, ஒரே வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அங்கே மருத்துவர் இருந்தார். ஆனால் ஆண் மருத்துவர். ஓர் ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதா என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் அன்றிரவு எடுத்த முடிவுதான் அவரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900-இல் மருத்துவராகத் திரும்பியவர், 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்த மூன்று பெண்களிடமும் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று யாராவது கேட்டிருப்பார்களா? உன்னை இன்று யாரும் கேட்காவிட்டாலும் நீயே சொல்லலாமே!

தாய்மார் ஏன் சாகிறார்கள் என்று ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் இருவரும் 1994-இல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். மருத்துவமனைக்குப் போகலாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பின்னிரண்டையும் குறைக்கத் தமிழ்நாடு நிறையவே உழைத்திருக்கிறது. 2008 முதல் 108 இலவசமாக ஓடுகிறது. பெரிய அரசு மருத்துவமனைகளில் சீமாங் எனப்படும் தாய்-சேய் அவசர சிகிச்சை மையங்கள் இரவும் பகலும் இயங்குகின்றன. நூற்றில் 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனால் அந்த முதல் தாமதம் இன்னும் நம் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை எந்த ஆம்புலன்ஸும் வந்து ஏற்றிப் போகாது. நீதான் எழுந்து விரட்ட வேண்டும்!

சீக்கிரம் போவதால் என்ன கிடைக்கும் என்கிறாயா? நிஜமாகவே குறைமாதப் பிரசவ வலி என்றால், குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கும் ஸ்டீராய்டு ஊசியைத் தாய்க்குப் போடுவார்கள். நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972-இல் அதன் பலனை உலகத்துக்குக் காட்டினார்கள். அது முழுதாக வேலை செய்ய ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். மூச்சுவிடத் தெரியாத பிஞ்சுக்கு நீ வாங்கித்தரும் நேரம் அது. மீன் வறுவல் ஆறிப்போகிறது என்பதற்காக அதை விட்டுக்கொடுப்பாயா?

எல்லா இறுக்கமும் பிரசவ வலி அல்ல. தண்ணீர் குடித்துப் படுத்தால் அடங்குவதும், ஒழுங்கில்லாமல் வந்து போவதும் பெரும்பாலும் பொய்வலிதான். ஆனால் 37 வாரம் நிறையும் முன் இறுக்கம் முறைவைத்து வந்தால், நெருங்கி நெருங்கி வந்தால், அங்கேயே முடிவு செய். துளி ரத்தம் பட்டாலும், பனிக்குடம் கசிந்தாலும், தலைவலி மண்டையைப் பிளந்து கண்முன் பூச்சி பறந்தாலும் யாரிடமும் அனுமதி கேட்காதே, கிளம்பு. 28 வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் இடப்பக்கம் படுத்து எண்ணிப் பார். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே. அசைவே தெரியவில்லை என்றால் எண்ணிக்கொண்டும் இருக்காதே, உடனே போ. நாள் நெருங்கினால் குழந்தை அசையாமல் அடங்கிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு, நம்பாதே.

‘மருத்துவர் திட்டுவாரே’ என்று தயங்காதே. திட்டினால் திட்டட்டும்! உன் உடம்புக்குள் இருந்து உணர்வது நீ ஒருத்திதான். ஸ்கேன் சில நிமிடம்தான் பார்க்கும். நீ இரவு பகலாக அந்தப் பிள்ளையோடு இருக்கிறாய். படிப்பு இல்லையே, முதல் பிரசவம்தானே, வயதில் சின்னவள்தானே என்று உன்னை நீயே குறைக்காதே. ‘எனக்குச் சரியாப் படல’ என்று சொல்ல எந்தப் பட்டமும் வேண்டாம்.

கணவன்மாரே, உங்களுக்கும் சொல்கிறேன். அவள் அப்படிச் சொன்னதும் யார் முகத்தையும் பார்க்காதீர்கள், போனை எடுங்கள். மாமியார்களே, அம்மாக்களே, உங்கள் அனுபவம் பெரியது. அதை அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவதற்குப் பயன்படுத்துங்கள். என் அக்கா மகளின் மாமியார் ஆம்புலன்ஸில் அவளுடன் ஏறி, செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை அவள் கையை விடவில்லை. இப்போது தெருவில் யார் மாசமாக இருந்தாலும், "ஏதாச்சும் சந்தேகம்னா கூச்சப்படாம சொல்லிடும்மா" என்று அவர்தான் முதலில் போய்ச் சொல்கிறார்.

இந்த வாரம் எங்காவது கிளம்புகிறாயா? சந்தோஷமாகப் போய்வா, வயிற்றைக் காரணம் காட்டி வீட்டில் முடங்க வேண்டாம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். தாய் சேய் நல அட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் பைக்குள் இருக்கட்டும். கிராம சுகாதார செவிலியரின் எண் போனில் இருக்கட்டும். போகும் ஊருக்குப் பக்கத்தில் சீமாங் மையம் எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரித்து வை. தண்ணீரைத் தாராளமாகக் குடி. கழிப்பறைக்கு வண்டியை எத்தனை முறை நிறுத்த வேண்டுமோ, அத்தனை முறையும் நிறுத்தச் சொல்!